மெரைன் டேங்கில் மீனுக்கு நோய் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புத்தண்ணீர் மீன் வளர்க்க ஆரம்பித்த ஏழாவது மாதம், என் நாலடித் தொட்டியில் எட்டாவது மீனாக ஒரு பவுடர் ப்ளூ டாங் வாங்கி வந்தேன். கவரோடு அரைமணி நேரம் மிதக்கவிட்டு, அன்று மாலையே உள்ளே விட்டேன். ஒன்பது நாளில் அதையும் சேர்த்து ஏழு மீன் போய்விட்டன, மிஞ்சியது ஒரு டேம்சல். அதன்பிறகு படித்ததும், தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதும்தான் கீழே இருப்பது. யார் கேட்டாலும் இதே கேள்விகள் வருவதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மீன் மேல் வெள்ளைப் புள்ளி தெரிகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் ஊற்றாதீர்கள். கடைக்காரருக்கு போன் போட்டால் ஒரு பாட்டில் பெயர் சொல்வார், நீங்களும் வாங்கி ஊற்றிவிடுவீர்கள், அதை அப்புறம் வெளியே எடுக்க முடியாது. முதலில் தொட்டி லைட்டை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மீனைப் பாருங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. செவுள் நிமிடத்துக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று மொபைல் ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணுங்கள். 80-க்கு மேல் போனால் செவுளுக்குள் ஏதோ இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன், வெளியே தெரிகிற புள்ளியைவிட அதுதான் கவலை. சாப்பிடுகிறதா, ஒளிந்துகொள்கிறதா, பாறையில் உடம்பைத் தேய்க்கிறதா, இதையும் பாருங்கள். ஒரு போட்டோ, ஒரு சின்ன வீடியோ எடுத்து வையுங்கள். நாளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும், ஞாபகத்தை நம்ப முடியாது.

இக், வெல்வெட், ப்ரூக் என்கிறார்களே, எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மருந்து வேறு, அவசரம் வேறு என்பதால் இதைச் சரியாகப் பார்ப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

இக் என்பது க்ரிப்டோகேரியான் இர்ரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி. பொடி உப்பைத் தூவியது போல, எண்ணிவிடலாம் என்கிற மாதிரி தனித்தனிப் புள்ளிகள், துடுப்பில் முதலில் தெரியும். மீன் பெரும்பாலும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும். உங்களுக்கு ஓரிரு நாள் அவகாசம் உண்டு.

வெல்வெட் வேறு ஜாதி, பெயர் அமிலூடினியம் ஒசெல்லாட்டம். புள்ளி என்றே சொல்ல முடியாது, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் மேலே மஞ்சள் கலந்த பொடி பூசினாற்போல் ஒரு பளபளப்பு. பல சமயம் அதுகூடத் தெரிவதற்குள் செவுளில் முற்றிவிடும். வெளிச்சத்தைத் தவிர்ப்பது, வேவ்மேக்கர் தண்ணீர் அடிக்கிற இடத்திலேயே முகத்தைக் கொடுத்து நிற்பது, சாப்பாட்டை நிறுத்துவது, வேகமாக மூச்சு வாங்குவது, இதெல்லாம் சேர்ந்து வந்தால் வெல்வெட் என்றே வைத்துக்கொண்டு அன்று இரவே வேலையில் இறங்குங்கள். நாளை காலை பார்க்கலாம் என்று நான் தூங்கப்போன இரவுதான் மூன்று மீன் போயின.

ப்ரூக், அதாவது ப்ரூக்ளினெல்லா, அதிகமாகக் க்ளவுன் மீனுக்கு வரும். புள்ளி கிடையாது. உடம்பு முழுக்கச் சளி ஏறி, தோல் உரிவது போல வெள்ளை வெள்ளையாகத் திட்டு விடும்.

நாலாவதாக ஒன்று, யூரோனீமா. பச்சை க்ரோமிஸ் மீன்களின் விலாவில் சிவந்த புண் மாதிரி வரும். இது மீன் இல்லாமலும் தொட்டியில் பிழைத்திருக்கும், காப்பருக்குச் சாகாது, முற்றிய பிறகு காப்பாற்றுவது கஷ்டம். மலிவாகக் கிடைக்கிறது என்று பத்து க்ரோமிஸ் ஒன்றாக வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

மூன்றே நாளில் புள்ளியெல்லாம் தானாக மறைந்துவிட்டது. சரியாகிவிட்டதா?

இல்லை. இந்த இடத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். மீன் மேல் நாம் பார்க்கிற புள்ளி, தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. மூன்றிலிருந்து ஏழு நாள் தின்ற பிறகு, பெரும்பாலும் இருட்டு நேரத்தில், அது தானாக மீனை விட்டு இறங்கிவிடும். இறங்கி மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் ஒன்று நூற்றுக்கணக்கில் பெருகும். எப்போது வெடிக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது. சில கூடுகள் மூன்று நாளில் திறக்கும், பல நாலு வாரத்துக்குள், சில 72 நாள் வரை கிடந்து திறந்ததும் பதிவாகியிருக்கிறது. வெளியே வரும் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். அவை வெளிவருவதும் மீன்கள் பாறையிடுக்கில் அசையாமல் தூங்குகிற பின்னிரவு நேரத்தில்தான்.

ஆக மூன்றாம் நாள் புள்ளி மறைவது, ஒட்டுண்ணி மீனிலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். அந்த வாரம் எந்த மருந்து ஊற்றியிருந்தாலும் 'மருந்து வேலை செய்தது' என்று தோன்றும். சந்தையில் உள்ள பாதி பாட்டில்கள் இப்படித்தான் பெயர் வாங்குகின்றன. அடுத்த அலை வரும்போது புள்ளி பத்து மடங்காக இருக்கும்.

இன்னொன்று, பிழைத்த மீனுக்குச் சில மாதம் ஓரளவு எதிர்ப்புசக்தி வரும். அதனால் 'என் தொட்டியில் இக் இருக்கிறது, மீன்கள் நன்றாகத்தான் இருக்கின்றன' என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. புது மீன் ஒன்றை உள்ளே விட்டாலோ, கோடையில் சூடு ஏறினாலோ கதை மாறும்.

புள்ளி இருக்கிற மீனை மட்டும் எடுத்து வைத்தால் போதாதா?

போதாது. எல்லா மீனும் வெளியே வர வேண்டும். செவுளுக்குள் மட்டும் பிடித்திருந்தால் வெளியே ஒரு புள்ளியும் இருக்காது. ஒரு மீன் உள்ளே இருந்தாலும் ஒட்டுண்ணிக்குச் சாப்பாடு நடக்கும். பிடிப்பதற்குப் பாறைகளைக் கலைக்க வேண்டியிருக்கும், அது வேதனைதான், ஆனால் செய்தாக வேண்டும். நான் இரவு லைட் அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, சிவப்பு வெளிச்சத்தில் பிடிக்கிறேன், பாதிக்குப் பாதி சுலபம்.

மருந்தை மெயின் டேங்கிலேயே ஊற்றினால் என்ன? தனித் தொட்டி எதற்கு?

இந்த வேலைக்கு நிச்சயமான மருந்து காப்பர், அதாவது செம்பு. அது இறால், நத்தை, நண்டு, அனிமோன், பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும். அதோடு பாறையும் பவளமணலும் சுண்ணாம்பு வகை, ஊற்றுகிற செம்பை உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று ஊற்றினால் மறுநாள் 0.2 காட்டும், இன்னும் ஊற்றுவீர்கள், என்றைக்கோ ஒரு நாள் அது திரும்பக் கசியும். 'ரீஃப் சேஃப்', அதாவது பவளத் தொட்டிக்குக் கெடுதல் இல்லை, என்று போட்டு விற்கிற மருந்துகளைப் பற்றி என் கருத்து: இறாலை ஒன்றும் செய்யாதென்றால் பெரும்பாலும் ஒட்டுண்ணியையும் ஒன்றும் செய்யாது.

அந்தத் தனித் தொட்டியை, அதாவது ஹாஸ்பிடல் டேங்கை, எப்படி வைப்பது? பெரிய செலவா?

இரண்டடித் தொட்டி போதும். 24-க்கு 12-க்கு 15 அங்குலம் என்றால் அறுபது, எழுபது லிட்டர் பிடிக்கும். நாலைந்து சின்ன மீனுக்குத் தாங்கும், பெரிய டாங் இருந்தால் மூன்றடி பாருங்கள். சென்னையில் மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் போனால் பழைய தொட்டியே கிடைக்கும். அடியில் மணல் வேண்டாம், பாறை வேண்டாம், வெறும் கண்ணாடி. மீன் ஒளிந்துகொள்ள ஹார்டுவேர் கடையில் இரண்டு அங்குல பிவிசி குழாய் இணைப்புகள், எல்போவும் டீயும், நாலைந்து வாங்கிப் போடுங்கள். வெட்டிய முனை கூராக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள், பயந்த மீன் அதில் உரசிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும். இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப், தெர்மாமீட்டர், மேலே வலை. டாங், ராஸ் வகை மீன்கள் வெளியே குதிக்கும். கார்பன், யூவி விளக்கு, கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் எதுவும் மருந்தின்போது ஓடக் கூடாது.

தண்ணீர் ஊற்றும்போது அளந்து ஊற்றி, கண்ணாடியில் மார்க்கரால் பத்துப் பத்து லிட்டருக்குக் கோடு போட்டு வையுங்கள். நீள அகலம் பெருக்கிக் கணக்குப் போட்டால், பைப் பிடிக்கிற இடமெல்லாம் சேர்ந்து பத்து சதவீதம் பிசகும், செம்பு விஷயத்தில் பத்து சதவீதம் பெரிய விஷயம்.

மெயின் டேங்கிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள், முடிந்தால் அடுத்த அறையில். ஏர் பம்ப் குமிழி வெடிக்கும்போது பறக்கும் நுண்துளிகளில் வெல்வெட் பக்கத்துத் தொட்டிக்குப் போகும். வலை, குழாய், வாளி எல்லாம் தனி.

காப்பர் எவ்வளவு போட வேண்டும்? மயில்துத்தம் போடலாமா, மலிவாக இருக்கிறதே?

எந்தக் காப்பர் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும், இதைக் குழப்பிக்கொண்டு மீனைக் கொன்றவர்கள் நிறைய. க்யூப்ரமைன் என்றால் இலக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், முதல் நாள் 0.25, இரண்டு நாள் விட்டு அடுத்த 0.25. காப்பர் பவர், காப்பர்சேஃப் போன்ற கீலேட் செய்த (செம்பை வேறொரு பொருளோடு பிணைத்து வைத்த) வகை என்றால் 2-லிருந்து 2.5 வரை. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போட்டால் ஒருபக்கம் மீன் சாகும், மறுபக்கம் ஒட்டுண்ணி சாகாது.

மயில்துத்தம் என்பது காப்பர் சல்ஃபேட். பழைய ஆட்கள் அதை வைத்தே வைத்தியம் பார்த்தார்கள், வேலையும் செய்யும். ஆனால் அதற்கு இலக்கு 0.15-லிருந்து 0.20 மில்லிகிராம்தான். அந்தக் கல்லின் எடையில் கால் பங்குதான் செம்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 லிட்டருக்குத் தேவை 10 மில்லிகிராம் செம்பு, அதாவது சுமார் 40 மில்லிகிராம் கல். விரல்நுனியில் ஒட்டுகிற துணுக்கு. 'ஒரு சிட்டிகை' என்று யாராவது சொன்னால் அது பல மடங்கு. செய்தே தீர வேண்டுமென்றால் தரமான ரசாயனக் கடைச் சரக்காக, ஒரு கிராம் எடுத்து ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து 40 மில்லி ஊசியில் எடுத்து, இரண்டு மூன்று தவணையாகச் சேருங்கள். பயிருக்கு அடிக்கிற சரக்கு வேண்டாம். இது உப்புத்தண்ணீரில் நிற்காது, மெல்ல மெல்லப் படிந்து குறையும், காலையும் மாலையும் டெஸ்ட் செய்து சேர்க்க வேண்டும். அலுவலகம் போகிறவர்களுக்கு ஒத்துவராது என்பது என் அனுபவம்.

எந்த வகை என்றாலும் டெஸ்ட் இல்லாமல் காப்பர் வேண்டாம். வண்ண அட்டை வைத்து ஒப்பிடுகிற கிட்டில் இளம்பச்சைக்கும் இன்னும் கொஞ்சம் இளம்பச்சைக்கும் நடுவே கண் ஏமாந்துவிடும். ஹன்னாவின் ஹை ரேஞ்ச் காப்பர் செக்கர் விலை கொஞ்சம் கடிக்கும், ஆனால் எண்ணாகவே காட்டும். மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.

நாள் கணக்கு: இலக்கைத் தொட்ட நாளிலிருந்து முப்பது நாள், நடுவில் ஒருநாள்கூட இலக்குக்குக் கீழே போகாமல். போனால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து. மாண்டரின் மீன், பஃபர், ஈல், சில ராஸ் வகைகளுக்குக் காப்பர் ஒத்துக்கொள்வதில்லை, அவற்றுக்கு வேறு வழி பாருங்கள்.

காப்பர் போட்ட பிறகு மீன் சாப்பிட மறுக்கிறது.

முதல் இரண்டு நாள் சகஜம். மூன்றாம் நாளும் வாய் திறக்கவில்லை என்றால் அளவு ஏறியிருக்கிறதா பாருங்கள், அப்புறம் அம்மோனியா பாருங்கள். மார்க்கெட் இறாலை உரித்து, ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து, பிறகு கொத்துமல்லித் தழை மாதிரிப் பொடியாக நறுக்கிக் கொடுத்தால் பிடிவாதக்கார மீனும் சில சமயம் இறங்கிவரும். அளவை நாலைந்து நாளாகப் பரப்பி மெதுவாக ஏற்றினால் இந்தத் தொல்லையே குறைவு.

மருந்து சரியாகத்தான் போட்டேன், நாலாம் நாள் எல்லாம் செத்துவிட்டன. ஏன்?

பெரும்பாலும் அம்மோனியா. ஹாஸ்பிடல் டேங்கில் மீன் நோயில் சாவதைவிடத் தன் மூத்திரத்தில் சாவதுதான் அதிகம் என்று நான் நினைக்கிறேன். புதுத் தொட்டி, பாக்டீரியா இல்லாத ஸ்பாஞ்ச், மேலே காப்பர், பயத்தில் சாப்பிடாத மீனுக்கு நாம் போட்டுக்கொண்டே இருக்கிற தீனி. நாலாம் நாள் கணக்கு முடியும்.

வழி ஒன்றுதான், முன்கூட்டியே தயாராக இருப்பது. மெயின் டேங்க் சம்ப்பில் (தண்ணீர் வடிகட்டும் துணைத் தொட்டியில்) எப்போதும் இரண்டு ஸ்பாஞ்ச் சும்மா கிடக்கட்டும். அவசரத்துக்கு அதை எடுத்து ஹாஸ்பிடல் டேங்கில் போட்டால் முதல் நாளே பாக்டீரியா இருக்கும். அதில் ஒட்டுண்ணிக் கூடு இருந்தாலும் கவலையில்லை, அந்தத் தொட்டிக்குத்தான் மருந்து போடப்போகிறோம். தினமும் அம்மோனியா டெஸ்ட், 0.25 காட்டினால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். மாற்றுகிற புதுத் தண்ணீரிலும் அதே அளவு காப்பரைக் கலந்துவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் அளவு இறங்கிவிடும். மூடி போட்ட ஒரு டிரம்மில் உப்பு கலந்த தண்ணீர் ஐம்பது லிட்டர் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

முக்கியமான ஒன்று: அம்மோனியாவைக் கட்டுகிறது என்று ப்ரைம் மாதிரியான கண்டிஷனரைக் க்யூப்ரமைன் இருக்கிற தண்ணீரில் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் செம்பு இன்னும் கொடிய வடிவத்துக்கு மாறும். என் நண்பர் நல்லது செய்வதாக நினைத்து இரவில் ஊற்றினார், காலையில் ஒன்றும் மிச்சமில்லை.

காப்பர் வேண்டாம் என்றால் இக்குக்கு வேறு வழி?

இரண்டு உண்டு. ஒன்று உப்பைக் குறைப்பது. சாதாரணமாக 1.025 இருக்கிற அடர்த்தியை இரண்டு நாளில் 1.009-க்கு இறக்கி, கடைசிப் புள்ளி மறைந்த பிறகு முப்பது நாள் அப்படியே வைப்பது. எலும்பு மீன்களின் உடம்புக்குள் இருக்கும் உப்பு கடல்நீரில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் அவை தாங்கும், ஒட்டுண்ணியின் கூடு தாங்காது. ஆனால் 1.011-க்கு ஏறிவிட்டால் பயனில்லை, அதனால் மிதவை ஹைட்ரோமீட்டரை நம்பாமல், உப்பளவை ஒளியை வைத்துக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உப்போடு தண்ணீரின் காரத்தன்மையும் குறைந்து பிஎச் இறங்கும், அதையும் பார்க்க வேண்டும். திரும்ப ஏற்றும்போது ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், இறக்குவதைவிட ஏற்றுவதுதான் மீனுக்குச் சிரமம்.

இன்னொன்று தொட்டி மாற்றும் முறை. மேலே சொன்ன கணக்கை வைத்தே யோசித்தது: ஒட்டுண்ணி ஏழு நாளுக்குள் மீனை விட்டு இறங்கியாக வேண்டும், கூடு மூன்று நாளுக்கு முன்னால் திறக்காது. ஆகவே 72 மணி நேரம் தாண்டுவதற்குள் மீனைப் புதுத் தண்ணீர் உள்ள இன்னொரு தொட்டிக்கு மாற்று, பழையதைக் காலி செய்து காயப்போடு, இப்படி நாலு தடவை. 12 நாளில் மீன் சுத்தம், மருந்தே இல்லை. இரண்டு பிளாஸ்டிக் டப் இருந்தால் போதும். உப்புச் செலவும் உடம்பு வலியும்தான் விலை. மாண்டரின் மாதிரி மீனுக்கு நான் இதைத்தான் செய்வேன்.

இரண்டுமே வெல்வெட்டுக்கு உதவாது. அதற்குக் காப்பர், இல்லாவிட்டால் க்ளோரோகுயின் பாஸ்பேட். பின்னது மலேரியா மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாதது, மாத்திரையில் வேறு மாவுப் பொருளும் கலந்திருக்கும், அதனால் வீட்டில் பொடித்துப் போடச் சொல்ல மாட்டேன்.

ஒன்றும் செய்யாமல், நன்னீர் மீனுக்குச் செய்வது போலச் சூடு ஏற்றினால்?

நன்னீர் ஒயிட் ஸ்பாட் வேறு ஒட்டுண்ணி, இது வேறு. அங்கே 30 டிகிரிக்கு ஏற்றுவது பலிக்கும். இங்கே பலிக்காது, தண்ணீரில் ஆக்சிஜன் குறைவதுதான் மிச்சம்.

க்ளவுன் மீன் சளியாக உரிகிறது. காப்பர் போட்டும் கேட்கவில்லை.

கேட்காது, ப்ரூக்குக்குக் காப்பர் மருந்தே அல்ல. ஃபார்மலின் குளியல்தான். தனி வாளியில் தொட்டித் தண்ணீர் எடுத்து, 37 சதவீத ஃபார்மலின் நாலு லிட்டருக்கு 0.6-லிருந்து 1 மில்லி வரை, நம் ஊர்ச் சூட்டுக்குக் கீழ் அளவே நல்லது. பலமாகக் காற்று விட்டு, முக்கால் மணி நேரம், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு. மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். குளியல் முடிந்து பழைய தொட்டிக்கே திரும்ப விட்டால் செய்தது வீண், சுத்தமான வேறு தொட்டிக்குப் போக வேண்டும். பாட்டிலின் அடியில் வெள்ளையாக வண்டல் தெரிந்தால் அந்த ஃபார்மலினைத் தொடாதீர்கள். கையுறை போட்டு, மொட்டைமாடியில் வைத்துச் செய்யுங்கள். புற்றுநோய் உண்டாக்கும் சரக்கு, கண் எரியும், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பூட்டி வைக்க வேண்டும்.

கடலில் பிடித்த க்ளவுனுக்கு இது அதிகம். மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் க்ளவுன் மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிப் பல வருடமாகிறது, பண்ணையில் வளர்ந்த க்ளவுன் இப்போது கிடைக்கிறது. கேட்டு அதை வாங்குங்கள்.

புள்ளி எதுவும் இல்லை, ஆனால் மீன் பாறையில் தேய்க்கிறது, ஒரு கண் மங்கலாக இருக்கிறது.

ஃப்ளூக் என்கிற தட்டைப்புழுவாக இருக்கலாம். கண்ணாடி மாதிரி இருப்பதால் மீன் மேல் இருக்கும்போது தெரியாது. நன்னீர்க் குளியல் கொடுத்தால் தெரிந்துவிடும். ஆர்ஓ தண்ணீரைத் தொட்டியின் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, சமையல் சோடா துளித்துளியாகச் சேர்த்து பிஎச் 8.2 அளவுக்கு ஏற்றி, அரைமணி காற்று விட்டு, ஒரு கறுப்பு டப்பில் ஊற்றி, மீனை ஐந்து நிமிடம் விடுங்கள். முதல் நிமிடம் துள்ளும் அல்லது படுத்துவிடும், பயப்பட வேண்டாம். மூன்றாவது நிமிடம் டப்பின் அடியைப் பார்த்தால் எள்ளுக்குத் தோல் உரித்தது போல வெள்ளைச் செதில்கள் கிடக்கும். செதில் இல்லை, அவைதான் புழுக்கள், நன்னீர் பட்டதும் வெளுத்து உதிர்கின்றன. முதல் தடவை பார்த்தபோது என் மனைவி அந்த டப்பை வீட்டைவிட்டே வெளியேற்றச் சொன்னாள்.

குளியல் மட்டும் போதாது. புழு மருந்தான ப்ராசிக்வான்டெல் லிட்டருக்கு 2-லிருந்து 2.5 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. முட்டை அந்த மருந்துக்குச் சாகாது, பொரித்த பிறகுதான் பிடிக்க முடியும்.

துடுப்பு ஓரத்தில் காலிஃப்ளவர் மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி?

லிம்ஃபோசிஸ்டிஸ், வைரஸ். மருந்து கிடையாது, நல்ல தண்ணீர், நல்ல தீனி, தானாகப் போய்விடும். அதைப் பிடுங்காதீர்கள்.

பூண்டு? க்ளீனர் ஷ்ரிம்ப்? யூவி?

பூண்டுச் சாற்றில் ஊறிய தீனியை மீன் ஆசையாகச் சாப்பிடலாம், அவ்வளவுதான். க்ளீனர் இறால் மேலே மேய்வதைப் பார்க்க அழகு, ஆனால் இக் தோலுக்கு அடியில் இருக்கிறது, அதன் கால் அங்கே எட்டாது. யூவி தண்ணீரில் நீந்துகிற குஞ்சுகளில் தன் வழியாகப் போகிறவற்றைக் கொல்லும், பின்னிரவில் மீனின் பக்கத்திலேயே வெடிப்பவை அதன் வழியாகப் போகப்போவதில்லை. குறைக்கும், தீர்க்காது.

மீனையெல்லாம் எடுத்த பிறகு மெயின் டேங்கை என்ன செய்வது?

76 நாள் மீன் இல்லாமல் ஓடவிடுங்கள். மேலே சொன்ன 72 நாளோடு நாலு நாள் சேர்த்த கணக்கு. தண்ணீர் 27 டிகிரியோ மேலோ இருந்தால் 45 நாள் போதும் என்று பலர் செய்கிறார்கள், நம் ஊரில் அந்தச் சூடு தானாகவே வரும். நான் பட்ட பாட்டுக்கு 76-ஐ விடுவதில்லை. இறால், நத்தை உள்ளேயே இருக்கலாம், அவற்றின் மேல் ஒட்டுண்ணி வாழாது. வாரம் இரண்டு தடவை ஒரு சிட்டிகை தீனி போடுங்கள், பாக்டீரியா பட்டினி கிடக்கக் கூடாது. வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டு இரண்டரை மாதம் கரண்ட் பில் கட்டுவது எரிச்சல்தான். இடையில் 'ஒரே ஒரு சின்ன டேம்சல்' என்று எதையாவது விட்டால் நாள் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

சென்னை வெயிலில் ஹாஸ்பிடல் டேங்குக்கும் சில்லர் வேண்டுமா?

வேண்டாம். மேலே ஒரு சின்ன ஃபேன் தண்ணீர் மட்டத்தில் வீசினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிறது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கும், ஆகவே கோட்டுக்கு எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு வெறும் ஆர்ஓ தண்ணீர் தினமும் ஊற்றுங்கள். உப்போடு மருந்தின் அடர்த்தியும் இப்படி ஏறும் என்பதை மறக்கக் கூடாது. கரண்ட் கட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். செவுள் புண்ணான மீன் ஒரு மணி நேரம் காற்றில்லாமல் தாங்காது.

புது மீனை எப்படி குவாரண்டைன் செய்வது?

அதே இரண்டடித் தொட்டிதான். குறைந்தது முப்பது நாள். டாங் என்றால் நான் புள்ளி வருகிறதா என்று காத்திருப்பதில்லை, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததும் காப்பர், அது முடிந்ததும் ப்ராசிக்வான்டெல் இரண்டு தடவை. மற்றவற்றுக்கு ப்ராசி மட்டும் கொடுத்துவிட்டு, தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ஆரோக்கியமான மீனுக்கு எதற்கு மருந்து என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்க முடிந்தவர்கள் மருந்தில்லாமலே கவனிக்கலாம். கடையிலிருந்து வந்த தண்ணீரை மட்டும் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள்.

கடையில், மீன் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள். அதே தண்ணீர் லைனில் பக்கத்துத் தொட்டியில் செத்த மீன் கிடந்தால், உங்கள் மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். இன்னொரு விஷயம், நோயைக் குறைத்துக் காட்டக் கடையிலேயே கொஞ்சம் காப்பர் ஓடவிடும் வழக்கம் உண்டு, அதனால் வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் புள்ளி வெடிப்பது அதிசயமே இல்லை.

இறால், நத்தைக்கும் குவாரண்டைனா?

அவற்றுக்கு இக் வராது, ஆனால் நத்தை ஓட்டின் மேல் கூடு ஒட்டிக்கொண்டு வரலாம். மீனில்லாத தனித் தொட்டியில் அதே நாள் கணக்கு, காப்பர் பட்ட தொட்டியில் மட்டும் வேண்டாம். பவளமும் லைவ் ராக்கும் (உயிர்கள் ஒட்டிய கடல் பாறை) கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் கடலில் எடுத்த பவளமும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. யாராவது ராமேஸ்வரத்துச் சரக்கு என்று ரகசியமாகக் காட்டினால் நோயைவிடப் பெரிய தலைவலி அது.

பீச்சிலிருந்து கடல்தண்ணீர் கொண்டுவந்து பயன்படுத்தலாமா?

பலர் செய்கிறார்கள். நான் ஹாஸ்பிடல் டேங்குக்குச் செய்ய மாட்டேன், ஆற்று முகத்துவாரமும் கழிவுநீரும் எங்கே கலக்கிறது என்று நமக்குத் தெரியாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் மழைக்காலத்தில் வேண்டாம்.

மருந்து முடிந்த தொட்டியையும் தண்ணீரையும் என்ன செய்வது?

முப்பது நாள் முடிந்ததும் மீனை மருந்தில்லாத சுத்தமான தொட்டிக்கு மாற்றி, மெயின் டேங்க் நாள் முடிகிற வரை அங்கே வைத்துக் கவனியுங்கள். நடுவில் புள்ளி திரும்பினால் மெயின் டேங்குக்கு அது போகவில்லையே என்று சந்தோஷப்பட்டு, மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

காப்பர் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பும் செம்பும் சேர்ந்து வேரைக் கொன்றுவிடும். குளம், கால்வாய், கிணற்றடி வேண்டாம், பாத்ரூம் சாக்கடையில் நிறையத் தண்ணீரோடு விடுங்கள். செத்த மீனையும் ஃப்ளஷ் செய்யாமல் மண்ணில் புதைத்துவிடுங்கள், பூனை தோண்டாத ஆழத்தில். தொட்டி, பைப், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் ப்ளீச்சிங் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்துக் கழுவி, மொட்டைமாடியில் இரண்டு மூன்று நாள் மொறமொறவென்று காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்தால் எந்த ஒட்டுண்ணியும் மிஞ்சாது. அந்தத் தொட்டியின் வலைக் கைப்பிடியில் நான் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன், வீட்டில் வேறு யாராவது தீனி போட வரும்போது தெரியாமல் எடுத்து மெயின் டேங்கில் விட்டுவிடக் கூடாது என்று.